ஏத்தத்தில மட்டும் நிண்டு போற பழைய ஹைலக்ஸ்: பம்ப்பா, வயரா, வேற ஏதுமா?

லூல்வத்தையில நிண்டவன் | சனி இரவு 10.20

எல்லாருக்கும் வணக்கம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப், எல்என் 106, 1991ஆம் ஆண்டு, 3எல் எண்டு பேர் போட்ட டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் ஒண்டும் இல்லாத பழைய சாமான். மாமாட்ட இருந்து 2019இல வாங்கினது, அடுத்த வருசம் மார்ச்சில இறக்குமதிய நிப்பாட்டினதோட விலை ஏறின ஏத்தத்தைப் பாத்து சொந்தக்காரர் எல்லாம் என்னைப் பெரிய வியாபாரி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம், அவையளுக்குத் தெரியாது நான் இதை வாழ்நாளில விக்க மாட்டன் எண்டு.

விசயம் என்னண்டா, போன கிழமை மூண்டு வண்டியில நக்கிள்ஸ் மலைக்குள்ள இருக்கிற மீமுறைக்கு வெளிக்கிட்டனாங்கள். வெள்ளவத்தையில இருந்து கண்டி, பிறகு ஹுன்னஸ்கிரி வரைக்கும் ஒரு சத்தம் இல்லை, கடுகண்ணாவை ஏத்தத்தில கூட மூண்டாம் கியரில கெத்தா ஏறினது. லூல்வத்தை தாண்டி ஒரு கல்லு ரோட்டில லோ ரேஞ்ச் போட்டு ஏறேக்க டக்கெண்டு நிண்டிட்டுது. செல்ஃப் அடிச்சா சுத்துது, ஸ்டார்ட் இல்லை. ஃபில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்ப்ப இருவது முப்பது தரம் அமத்தினாப் பிறகு ஸ்டார்ட் வந்துது, ஒரு அம்பது மீட்டர் ஏற திரும்பவும் அதே கதை. நாலு தரம். பிறகு மற்ற வண்டிக்காரர் கயிறு போட்டு இழுத்தவை, அந்த வெக்கக்கேடு வேற. இறங்கேக்க ஒரு பிரச்சினையும் இல்லை. இதை ஆராவது கண்டிருக்கிறியளா?

கொட்டாஞ்சேனை குரு | சனி இரவு 10.41

வித்துப்போடுங்கோ அண்ணை. இப்ப விட்டா இந்த விலை வராது.

டீசல் நானா | சனி இரவு 11.05

குருவுக்கு எந்த வண்டிய கண்டாலும் வித்துப்போடச் சொல்றதுதான் வைத்தியம். தம்பி, "டக்கெண்டு" என்டு எழுதி ஈக்கிறீங்க, அந்த டக்கு எந்த டக்கு? சாவிய திருப்பி ஓஃப் செஞ்ச மாதிரி ஒரே அடியா செத்ததா, இல்லாட்டி பசிச்ச மாதிரி இழுத்து இழுத்து, பெடல் மிதிச்சாலும் ஏறாம, மூச்சு வாங்கி வாங்கி நிண்டதா? இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னா பாதி வேல முடிஞ்சிது.

ஒரே அடியா செத்தா கரண்ட் பக்கம் பாக்கோணும். ஒங்கட டீசல் பம்ப்ல சொலனாய்டு என்டு ஒரு கரண்ட் வால்வு ஈக்கும், சாவி ஓன் செஞ்சா அதுக்கு 12 வோல்ட் போய் டீசல் வழிய திறக்கும், கரண்ட் நிண்டா வழி மூடிடும், எஞ்சின் ஓஃப். டீசல் எஞ்சின நிப்பாட்டுறதே அப்டித்தான். கல்லு ரோட்ல ஆடுற நேரம் அந்த ஒத்த வயர் லூசா ஈந்தா சாவிய ஆரோ திருப்பின மாதிரி நிக்கும். மூச்சு வாங்கி நிண்டா டீசல் வந்து சேரல்ல, இல்லாட்டி டீசலோட காத்து வருது. ரெண்டும் ரெண்டு நோய், ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுக்க ஏலாது.

லூல்வத்தையில நிண்டவன் | ஞாயிறு காலை 7.15

நானா, இப்ப யோசிச்சுப் பாத்தா டக்கெண்டு இல்லைதான். முதல் சத்தம் மாறினது, பிறகு பெடலை மிதிக்க மிதிக்க ஆர்பிஎம் இறங்கினது, ரெண்டு மூண்டு தரம் குலுக்கிப்போட்டு நிண்டது. பக்கத்தில இருந்த மச்சான் "கிளச்ச விட்டிட்டாய்" எண்டு ஏசினவன், அதில எனக்கு டக்கெண்டு எண்ட மாதிரியே பட்டிட்டுது.

தோட்டத்து டிரைவர் | ஞாயிறு காலை 8.30

மெக்கானிக் வேலைய நானா பாத்துக்குவாரு, நான் வேற ஒன்னு சொல்லிக்கிறேங்க. மடுல்கலை பக்கம் பதினாறு வருசம் தோட்டத்து லேண்ட்ரோவர் ஓட்டுனவன், இப்பதான் கிராண்ட்பாஸ்ல. ஏத்தத்துல எஞ்சின் நின்னா பவர் ஸ்டீரிங் போயிரும், பிரேக்கும் ரெண்டு மூனு மிதிக்குத்தான் லேசா இருக்கும், அப்புறம் கல்லு மாதிரி இறுகிரும். அந்த நேரத்துல நியூட்ரல்ல போட்டு பின்னுக்கு உருள விட்டீங்கனா கதை முடிஞ்சிரும். பிரேக்க அமத்திப் பிடிங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க, லோ ரேஞ்ச்ல ரிவர்ஸ் கியர் போட்டு கிளச்ச முழுசா விட்டுருங்க. வண்டி கியர்லயே நிக்கும். பக்கத்துல ஆள் இருந்தா சக்கரத்துக்கு பின்னுக்கு கல்லு வைக்கச் சொல்லுங்க. அதுக்கப்பறம் பானட்ட திறக்கலாம். முன்னுக்கு ஏற ஏலாதுன்னா கிளச்ச மிதிக்காமலே ரிவர்ஸ்ல சாவிய திருப்புங்க, பழைய வண்டி, செல்ஃப்லயே மெதுவா பின்னுக்கு இறங்கி எஞ்சினும் பிடிச்சிக்கும். ஸ்டீரிங்க நேரா வச்சிக்கிட்டா போதும்.

லூல்வத்தையில நிண்டவன் | ஞாயிறு காலை 8.52

ஐயா, நான் நியூட்ரலிலதான் போட்டனான். இத வாசிக்க இப்பதான் கால் நடுங்குது.

வயர்மேன் | ஞாயிறு பகல் 12.10

சொலனாய்டுதான். நான் ரெண்டு வண்டியில பாத்தாச்சு. பட்டறி டேர்மினல், ஏர்த் வயர், சாவி சுவிச் மூண்டையும் பாருங்க. சாவிய ஓன் பண்ணி சொலனாய்டு வயர கழட்டிக் கழட்டி மாட்டினா "டிக்" எண்டு சத்தம் கேக்கோணும்.

டீசல் நானா | ஞாயிறு பகல் 12.40

வயர்மேன், கைப்பம்ப் அமத்தினாப் பிறகுதானே ஸ்டார்ட் வந்ததாம். வயர் லூசுக்கு கைப்பம்ப் அமத்தி என்னத்துக்கு? ஆனாலும் டிக் சத்தத்த பாத்து வச்சா நட்டம் இல்ல, அஞ்சு நிமிஷ வேல.

தம்பி, மொதல் ஃபில்டர மாத்துங்க, அடியில ஈக்கிற தண்ணிய எறக்குங்க. 2022ல டீசல் தட்டுப்பாட்டு நேரம் கேனிலயும் பீப்பாயிலயும் அடிச்சி வச்ச டீசல் எத்தன டாங்க்குள்ள போச்சின்டு ஆண்டவனுக்குத்தான் தெரியும். தண்ணி சேந்து நிண்ட டாங்க்ல கறுப்பா சளி மாதிரி ஒன்டு வளரும், கண்ட ஆளுக்கு வெளங்கும்.

பஜேரோ பையன் | ஞாயிறு பின்னேரம் 4.00

இதோட சேத்து ஒண்டு கேக்கலாமா, ஃப்ரெண்ட் ஒருத்தன்ட வண்டி ஆத்துக்குள்ள போய் நிண்டிட்டுது, தள்ளி வெளிய எடுத்திட்டம், செல்ஃப் அடிக்க ஒரு "டொக்" சத்தம், பிறகு சுத்துதில்ல. பட்டறி டவுனா?

தோட்டத்து டிரைவர் | ஞாயிறு பின்னேரம் 4.06

அடிக்காதீங்க. சாவிய கையில எடுத்து பொக்கட்ல போட்டுருங்க. எஞ்சினுக்குள்ள தண்ணி போயிருக்கு, தண்ணிய அமுக்க ஏலாது, இன்னொருக்கா அடிச்சா பிஸ்டன பிடிச்சிருக்கிற கொன்ராட் வளைஞ்சிரும். டீசல் பீச்சுற நோசில் இல்லாட்டி ஹீட்டர் பிளக் எல்லாத்தையும் கழட்டிட்டு கையால சுத்தி தண்ணிய வெளிய எடுக்கணும். முகத்த மேல வச்சி பாக்காதீங்க, பீச்சி அடிக்கும். ஒயில்ல தண்ணி கலந்து பால் டீ மாதிரி இருந்தா அதையும் மாத்திருங்க. மத்ததுக்கு வேற இழை திறங்க தம்பி, இது ஹைலக்ஸ் வைத்தியம்.

லூல்வத்தையில நிண்டவன் | அடுத்த ஞாயிறு இரவு 9.30

முடிஞ்சுது பிரச்சினை! சொலனாய்டு டிக் சத்தம் நல்லா கேக்குது. ஃபில்டர் மாத்தினன், அடியில இருந்து அரைக் கோப்பை தண்ணி வந்துது. டாங்க்க ஃபுல்லா அடிச்சுக்கொண்டு இண்டைக்கு கித்துள்கல பக்கம் போய் ரப்பர் தோட்டத்து ரோட்டில எல்லாம் ஏத்தி இறக்கிப் பாத்தாச்சு, குதிரை மாதிரி ஏறுது. நானாக்கு ஒரு பிரியாணி கடன்.

டீசல் நானா | அடுத்த ஞாயிறு இரவு 9.44

அல்ஹம்துலில்லாஹ். பிரியாணி மறக்க மாட்டன்.

லூல்வத்தையில நிண்டவன் | மூண்டு கிழமைக்குப் பிறகு, திங்கள் இரவு 11.50

பிரியாணி வாபஸ். சனிக்கிழமை பெலிஹுலோயாவில இருந்து நொன்பரேல் தோட்டத்துக்குள்ளால ஒஹியா பக்கம் ஏறேக்க திரும்பவும் அதே கதை. இழுத்து, குலுக்கி, நிண்டிட்டுது. இந்த முறை ஐயா சொன்ன மாதிரி ரிவர்ஸ், கல்லு எல்லாம் ஒழுங்கா செய்தன், அந்த அளவில சந்தோசம். ஃபில்டர கழட்டிப் பாத்தன், புதுசு மாதிரித்தான் கிடக்குது, தண்ணியும் இல்லை.

இண்டைக்கு ஒரு கராஜுக்குக் கொண்டு போனன், எந்தக் கராஜ் எண்டு சொல்லேல்ல. பானட்டத் திறந்து ரெண்டு நிமிசம் பாத்திட்டு "பம்ப் போயிட்டுது, கழட்டி ஓவரோல் செய்யோணும், நோசில் நாலும் மாத்தோணும்" எண்டு சொல்லி, லட்சக் கணக்கில ஒரு விலையும் சொன்னார். வண்டிய ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் கூடப் பாக்கேல்ல.

கொட்டாஞ்சேனை குரு | செவ்வாய் காலை 6.30

நான் ஒண்டும் சொல்லேல்ல. 😂

தெஹிவளை லேண்ட்ரோவர் மகள் | செவ்வாய் காலை 10.15

இவ்வளவு நாளும் சும்மா வாசிச்சிட்டுத்தான் இருந்தேன். அப்பா விட்டுட்டுப் போன லேண்ட்ரோவர் ஒண்ணு எங்க வீட்டிலயும் நிக்குது, அதோட மல்லுக்கட்டிக் கத்துக்கிட்டதுதான் எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் வேலை.

அண்ணா, பம்ப்பை இப்ப தொடாதீங்க. பம்ப் தேஞ்சு போனா சூடா இருக்கிற நேரம் ஸ்டார்ட் வர கஷ்டப்படும், இழுவை எல்லா இடத்திலயும் குறையும், அது ஏத்தம் இறக்கம் பாத்து வராது. உங்க வண்டி கடுகண்ணாவையில ஏறிச்சு, கித்துள்கலயில ஏறிச்சு, லூல்வத்தையிலயும் நொன்பரேல்லயும் மட்டும் நிண்டிருக்கு. அப்ப அந்த ரெண்டு இடத்துக்கும் பொதுவா என்ன? நான் ஒண்ணு மட்டும் கேக்கிறேன். நிண்ட ரெண்டு நேரமும் டீசல் முள்ளு எங்க நிண்டது?

ஏன் கேக்கிறேன்னா, ஃபில்டர் மாத்தின அதே நாள் டாங்க்கையும் ஃபுல்லா அடிச்சிருக்கீங்க. ரெண்டையும் ஒரே நாள் செஞ்சிட்டு ஃபில்டர்தான் சுகமாக்கிச்சுன்னு நாங்க எல்லாருமே முடிவு கட்டிட்டோம்.

லூல்வத்தையில நிண்டவன் | செவ்வாய் பகல் 1.05

தங்கச்சி, சாப்பாட்டை வச்சிட்டு வந்து எழுதுறன்.

மீமுறைக்குப் போகேக்க வெள்ளவத்தையில முக்கால் டாங்க் இருந்தது, இடையில அடிக்கேல்ல. நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல, லீட்டருக்கு ஒம்பது எண்டு வச்சாலும் லூல்வத்தையில அரைக்குக் கொஞ்சம் கீழதான் நிண்டிருக்கும். நொன்பரேல்ல போட்டோ எடுத்தனான், டாஷ்போர்டும் விழுந்திருக்கு, முள்ளு அரைக்குக் கீழ. கடுகண்ணாவை தாண்டேக்க அரைக்கு மேல. கித்துள்கலைக்கு ஃபுல் டாங்க்கோட போனனான்.

டீசல் நானா | செவ்வாய் பகல் 1.30

மகள், நீங்க பெரிய ஆள். நான் நாப்பது வருஷமா டீசல் நாத்தத்தில ஈக்கிறன், கித்துள்கல கதைய வாசிச்சிட்டு பிரியாணிய பத்தி மட்டும்தான் யோசிச்சன்.

தம்பி இன்னொரு கேள்வி. கடசியா எப்ப கால் டாங்க்ல ஓடினீங்க?

லூல்வத்தையில நிண்டவன் | செவ்வாய் பகல் 1.48

நானா, சிரிக்கக் கூடாது. 2022இல அந்த டீசல் லைனில ரெண்டு இரவு வண்டிக்குள்ள படுத்தனான். பிறகு கியூஆர் வந்துது, கிழமைக்கு இத்தனை லீட்டர் எண்டு. அது 2023 செப்டம்பரோட போயிட்டுது, ஆனா எனக்கு இன்னும் முள்ளு அரைக்கு வந்தாலே நெஞ்சு அடிக்கும், உடன பெற்றோல் செட்டுக்குள்ள விட்டிடுவன். கொழும்புக்குள்ள அரைக்குக் கீழ இந்த வண்டி ஓடினதே இல்லை எண்டு நினைக்கிறன்.

தெஹிவளை லேண்ட்ரோவர் மகள் | செவ்வாய் பகல் 2.10

அப்ப டாங்க்குக்குள்ள இருந்து டீசலை உறிஞ்சுற பைப்பில பாதி உயரத்தில ஓட்டையோ வெடிப்போ இருக்கலாம். டீசல் அதுக்கு மேல நிக்கிற வரைக்கும் ஓட்டைக்குள்ளாலயும் டீசல்தான் போகும், ஒண்ணும் தெரியாது. மட்டம் கீழ வந்ததும் காத்தைக் குடிக்கும். ஏத்தத்தில டீசல் எல்லாம் டாங்க்குக்குப் பின்பக்கம் சாயும், பைப் முன்பக்கத்தில இருந்தா ஓட்டை சீக்கிரம் வெளிய வந்திடும். இறங்கும்போது முன்னுக்கு வந்து மூடிக்கும். நீங்க இறங்கேக்க பிரச்சினை இல்லைன்னு முதல் நாளே எழுதியிருக்கீங்க.

வயர்மேன் | செவ்வாய் பகல் 2.25

டாங்க் மூடியில காத்துப் போற துவாரம் அடைச்சாலும் இப்படித்தானே நிக்கும்?

டீசல் நானா | செவ்வாய் பகல் 2.50

நிக்கும், நல்ல கேள்வி. ஆனா அதுக்கு மூடிய திறக்கிற நேரம் "உஸ்ஸ்" என்டு காத்து இழுக்கும், திறந்து வச்சி ஓடினா சுகமாகிடும். அதையும் பாருங்க தம்பி. இந்த எஞ்சினுக்கு டாங்க்ல தள்ளி விடுற பம்ப் ஒன்டும் இல்ல, பெரிய பம்ப்தான் அங்க ஈந்து உறிஞ்சி எடுக்குது, ஸ்ட்ரோ போட்டு குடிக்கிற மாதிரி. ஸ்ட்ரோல ஓட்டை ஈந்தா வெளிய ஒரு சொட்டும் ஒழுகாது, காத்துதான் உள்ள போகும். அதால பைப்ப தடவிப் பாத்து "ஈரம் இல்ல, நல்லா ஈக்குது" என்டு ஏமாறக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். ஹார்ட்வெயார் கடைல மேசன்மார் லெவல் பிடிக்கிற, உள்ளுக்கு தெரியிற பிளாஸ்டிக் கண்ணாடி டியூப் விப்பாங்க, ஃபில்டர்ல ஈந்து பம்ப்புக்கு போற ஹோஸ் சைஸ்க்கு பாத்து ஒரு முழம் வாங்கி அந்த எடத்தில மாட்டி ரெண்டு பக்கமும் கிளிப் எறுக்குங்க. ஓடுற நேரம் குமிழி வருதான்டு கண்ணால பாக்கலாம். டெஸ்ட்டுக்கு மட்டும்தான், டீசல் பட்டு கொஞ்ச நாள்ல கல்லு மாதிரி ஆகிடும், விட்டு வைக்க வேணாம். குமிழி வந்தா, டாங்க்க விட்டுட்டு ஒரு கேன்ல டீசல் வச்சி அதுல ஈந்து ஃபில்டருக்கு ஹோஸ் குடுங்க, திரும்பி வாற ஹோஸையும் கேனுக்குள்ளயே விடுங்க. கேன்ல குமிழி நிண்டா டாங்க் பக்கம். நிக்காட்டி ஃபில்டர் தலை, கைப்பம்ப் பக்கம்.

கொட்டாஞ்சேனை குரு | செவ்வாய் பின்னேரம் 5.00

கொழும்பில ஏத்தத்துக்கு எங்க போறது? எங்கட பக்கம் பெரிய ஏத்தம் எண்டா கோயில் வாசல் படிதான்.

தெஹிவளை லேண்ட்ரோவர் மகள் | செவ்வாய் பின்னேரம் 5.12

ஏத்தமே வேண்டாம் குரு. முள்ளைக் காலுக்கு இறக்கினா மட்ட ரோட்டிலயே தெரியும்.

லூல்வத்தையில நிண்டவன் | வெள்ளி இரவு 8.40

நாலு நாளா முள்ளு இறங்க இறங்க எனக்கு பிரஷரும் ஏறிக்கொண்டு வந்தது, ஆனாலும் அடிக்கேல்ல. முதல் மூடிய திறந்து பாத்தன், உஸ் சத்தம் இல்லை. இண்டைக்குப் பின்னேரம் கால் டாங்க். கண்ணாடி டியூப்ப மாட்டி வீட்டு வாசலில ஸ்டார்ட் பண்ண, ஐட்லிங்கில ஊசி முனை அளவு குமிழி ஒண்டு ரெண்டு. மச்சானை பெடலை மிதிக்கச் சொன்னன், சோடாப் போத்தல் மாதிரி வந்துது! சந்தோசத்தில ஒரு சுத்துப் போய்ப் பாப்பம் எண்டு காலி வீதியில ஏத்த, டபிள்யூ ஏ சில்வா மாவத்தைச் சந்திக்குக் கிட்ட, வெள்ளிக்கிழமை ஆறு மணி, இழுத்துக் குலுக்கி நிண்டிட்டுது. பின்னால 100 நம்பர் பஸ். அந்த டிரைவர் எனக்குச் சொன்னதை இங்க எழுதேலாது. ஆனா வாழ்க்கையில முதல் தரமா வண்டி நிண்டதுக்கு நான் சிரிச்சனான்.

வீட்ட தள்ளிக்கொண்டு வந்து கேன் டெஸ்ட்டும் செய்தாச்சு. கேனில இருந்து ஓட, அரை மணித்தியாலம், ஒரு குமிழி இல்லை.

டீசல் நானா | வெள்ளி இரவு 8.55

டாங்க்க எறக்குங்க. டீசல முழுக்க வெளிய எடுத்திட்டு எறக்குங்க, பாரம் கைய ஒடைக்கும். பைப்ப கழட்டி கழுவி, ஒரு நுனிய வெரலால மூடி பேசின் தண்ணிக்குள்ள விட்டு மத்த நுனியால ஊதுங்க. ஓட்டை எங்க ஈந்தாலும் குமிழி காட்டிக் குடுக்கும். ஒட்டிறதுக்கு பசை கிசை போட வேணாம், பித்தள வெல்டிங் பிடிக்கலாம், ஆனா பைப்ப மட்டும் தனியா எடுத்துக்கிட்டு போங்க, டாங்க்குக்கு கிட்ட நெருப்பு வேணாம். அத விட பஞ்சிகாவத்தைக்கு போனா ஒரு நல்ல பழைய பைப் கெடைக்கும். பழச கையோட கொண்டு போங்க, வளைவு ஒன்டு மாறினா மாட்ட ஏலாது.

லூல்வத்தையில நிண்டவன் | ஞாயிறு இரவு 10.05

டாங்க் இறக்கியாச்சு, நாலு நட்டில ரெண்டு துருப்பிடிச்சு வெட்டித்தான் எடுத்தது. பைப்பில பாதி உயரத்தில ஒரு பிடிமானத் தகடு பத்த வச்சிருக்கு, சரியா அந்த ஒட்டில மயிரளவு வெடிப்பு. முப்பது வருசம் ஆடி ஆடி வெடிச்சிருக்கு போல. வெறுங்கண்ணுக்குத் தெரியேல்ல, பேசினுக்குள்ள ஊதத்தான் வரிசையா குமிழி வந்துது. அம்மா குளியலறைப் பக்கம் வந்து பாத்திட்டு ஒண்டும் பேசாமல் திரும்பிப் போயிட்டா.

டாங்க்குக்கு அடியில நானா சொன்ன கறுப்புச் சளி, தேயிலைச் சக்கை மாதிரி, பைப் நுனி வலையில பாதி அடைச்சிருந்தது. அதையும் கழுவியாச்சு. பஞ்சிகாவத்தையில நாலாவது கடையில பைப் கிடைச்சுது, வாங்க முதலே கடைக்காரரிட்ட ஒரு வாளி தண்ணி கேட்டு அதிலயே ஊதிப் பாத்தனான், அந்தாள் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். மாட்டி, கைப்பம்ப் அமத்தி காத்தெடுத்து, மூண்டாவது செல்ஃபில ஸ்டார்ட். இப்ப கால் டாங்க், கண்ணாடி டியூப்பில ஒரு குமிழி இல்லை.

வயர்மேன் | ஞாயிறு இரவு 10.20

சரி, நான் தோத்தன். ஆனா அந்த சொலனாய்டு வயர ஒருக்கா டேப் சுத்தி விடுங்க.

தோட்டத்து டிரைவர் | திங்கள் காலை 6.10

அடுத்த தடவ லூல்வத்தை போறப்ப சொல்லுங்க, நானும் வாறேன். அந்தக் கல்லு ரோட்டுல ரெண்டாவது வளைவுக்கு அப்பறம் எடது பக்கம் பிடிச்சி ஏறணும், நீங்க எப்பிடியும் வலதுல ஏறியிருப்பீங்க.

டீசல் நானா | திங்கள் காலை 8.00

பிரியாணி எனக்கில்ல, மகளுக்கு குடுங்க. எனக்கு ஒரு பிளேன்டி போதும்.

தெஹிவளை லேண்ட்ரோவர் மகள் | திங்கள் காலை 9.20

பிரியாணி சரி. அண்ணா, இப்ப முள்ளு எங்க நிக்குது?

லூல்வத்தையில நிண்டவன் | திங்கள் காலை 9.31

ஃபுல். காலமை அடிச்சிட்டன் தங்கச்சி, என்ன செய்யிறது.